மறதி என்று சொல்லிக் காலம் கடத்தலாமா?

(ஏற்காட்டில் நடைபெற்ற ஜமாஅத் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மூத்தோர் நலம் பற்றிப் பேச வேண்டும் என்று நிர்வாகக் குழுவினர் நம்மைக் கேட்டுக்கொண்டனர். பெற்றோரைப் பேணுவதன் சிறப்பைப் பற்றி இந்த மிம்பரிலிருந்து பலமுறை பேசியிருக்கிறோம். ஆகவே இன்று அதில் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வோம். வீட்டுக்கு வீடு மெல்லப் பேசப்படுவதும், வெளியில் மறைக்கப்படுவதும், மருத்துவரிடம் மிகத் தாமதமாகச் சென்று சேர்வதுமான ஒரு நோயைப் பற்றியது அது. மருத்துவ உலகம் அதனை அல்சைமர் நோய் என்று அழைக்கிறது. நம் மக்கள் 'மறதி' என்றும் 'வயசாகிவிட்டது' என்றும் சொல்லிக் கடந்து போகிறார்கள்.

முதுமையின் இறுதி எல்லையில், அறிந்தவற்றையெல்லாம் அறியாத நிலைக்கு மனிதன் சென்றுவிடுவதைத் திருமறை சுட்டிக்காட்டுகிறது. அந்நிலையிலிருந்து பாதுகாவல் தேடும்படி பெருமானார் (ஸல்) அவர்கள் கற்றுத் தந்திருக்கிறார்கள். எனவே இந்த நிலை நமக்குப் புதிய செய்தியன்று. அதனை முன்கூட்டியே அறிந்துகொள்ளவும், ஓரளவு தணிக்கவும், அதனால் விளையும் துன்பத்தைக் குறைக்கவும் இன்று வழிகள் இருக்கின்றன என்பதே நம்மவர் பலருக்கும் புதிய செய்தி.

நோயின் வரலாறு

1901ஆம் ஆண்டு ஜெர்மனி நாட்டின் ஃபிராங்ஃபர்ட் நகரிலுள்ள மனநல மருத்துவமனைக்கு அகஸ்தே டீட்டர் என்னும் 51 வயதுப் பெண்மணி அழைத்து வரப்பட்டார். கணவர் மீது காரணமற்ற சந்தேகம், பொருள்களை எடுத்து எங்கேனும் ஒளித்து வைத்தல், தம் பெயரைக்கூட முழுமையாக எழுத இயலாமை ஆகியவை அவரிடம் காணப்பட்டன. அலாய்ஸ் அல்சைமர் என்னும் மருத்துவர் அவரை நாள்தோறும் கவனித்துக் குறிப்பெழுதினார். 1906ஆம் ஆண்டு அப்பெண்மணி மறைந்தபின் அவருடைய மூளையை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, அங்கே இரண்டு மாற்றங்களைக் கண்டார். மூளையின் உயிரணுக்களுக்கு இடையே படிவுகள் படிந்திருந்தன. உயிரணுக்களின் உள்ளே நூல்கள் சிக்குண்டதுபோன்ற முடிச்சுகள் இருந்தன. அதே ஆண்டு நவம்பரில் இதை மருத்துவர் அவையில் எடுத்துரைத்தார். 1910ஆம் ஆண்டு எமில் கிரேப்பலின் தம் நூலில் இந்நோய்க்கு அல்சைமர் என்ற பெயரையே சூட்டினார்.

அந்தப் படிவு அமிலாய்டு என்னும் புரதத்தால் ஆனது. அந்த முடிச்சு டாவ் என்னும் புரதத்தால் ஆனது. இவை ஓரிரு நாளில் தோன்றுவன அல்ல. மறதி வெளிப்படுவதற்கு 15 அல்லது 20 ஆண்டுகளுக்கு முன்பே மூளைக்குள் இம்மாற்றங்கள் தொடங்கிவிடுகின்றன என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. 70 வயதில் வெளிப்படும் நோய்க்கு 50 வயதிலேயே வித்து விழுந்திருக்கிறது என்பது இதன் பொருள்.

நினைவு, சிந்தனை, பேச்சு, முடிவெடுக்கும் ஆற்றல் ஆகியவை அன்றாட வாழ்க்கையைப் பாதிக்கும் அளவுக்குக் குன்றிப்போவதை மருத்துவர்கள் பொதுவாக டிமென்ஷியா என்கின்றனர். அதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் முதன்மையானது அல்சைமர். 100க்கு 60 முதல் 70 பேருக்கு அதுவே காரணம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய்கள் அடைபடுவதால் வருவது மற்றொன்று. இரண்டும் சேர்ந்து வருவதும் உண்டு.

நம் நாட்டில் இதன் அளவு என்ன?

தமிழ்நாட்டில் இந்நோயைக் கிராமங்களில் தேடிச் சென்று கண்டறிந்த முயற்சி பழையது. சென்னையிலுள்ள ஸ்கார்ஃப் என்னும் மனநல ஆராய்ச்சி நிறுவனத்தைச் சார்ந்த மருத்துவர்கள் திருப்போரூர்ப் பகுதியில் வீடு வீடாகச் சென்று ஆராய்ந்தனர். 60 வயதைக் கடந்தவர்களில் 100க்கு 3.5 பேருக்கு டிமென்ஷியா இருப்பதை 1997ஆம் ஆண்டு வெளியிட்டனர். கிராமத்துக் கூட்டுக் குடும்பத்தில் இந்நோய் வராது என்று பலரும் எண்ணியிருந்த காலம் அது. 1992ஆம் ஆண்டு இந்திய அல்சைமர் சங்கம் தொடங்கப்பட்டது. 1998ஆம் ஆண்டு கொச்சியில் கூடிய உலக ஆய்வாளர்கள் தம் குழுவுக்கு 10/66 என்று பெயரிட்டனர். டிமென்ஷியா நோயாளிகளில் 100க்கு 66 பேர் நம்மைப் போன்ற நாடுகளில் வாழ்ந்தும், ஆய்வுகளில் 100க்கு 10கூட இந்நாடுகளில் நடைபெறவில்லை என்பதை நினைவூட்டவே அப்பெயர். அக்குழுவின் ஆய்வுகள் சென்னையிலும் வேலூரிலும் நடைபெற்றன.

2023ஆம் ஆண்டு வெளிவந்த அகில இந்திய ஆய்வொன்று, 60 வயதைக் கடந்த இந்தியரில் 100க்கு 7.4 பேருக்கு, அதாவது ஏறத்தாழ 88 இலட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருப்பதாகக் கணக்கிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரங்களைவிடக் கிராமங்களிலும், கல்வி கிடைத்தவர்களைவிடக் கிடைக்காதவர்களிடமும் இது மிகுதி என்றும் அந்த ஆய்வு கூறியது. நம் சேர்வராயன் மலையிலுள்ள தாய்மார்களையும், எஸ்டேட்டுகளில் காப்பிப் பழம் பறித்தே வாழ்க்கையைக் கழித்த, பள்ளிக்கூட வாசலை மிதிக்காத மூதாட்டிகளையும் இந்த மூன்று அடையாளங்களும் ஒருங்கே குறிக்கின்றனவே என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இயல்பான மறதி எது? நோய் எது?

வயது ஏற ஏற மறதி வருவது இயல்பே. மூக்குக் கண்ணாடியை வைத்த இடம் மறப்பது, ஒருவர் பெயர் நாவில் வராமல் சற்று நேரம் கழித்து நினைவுக்கு வருவது ஆகியவை நோயல்ல. கண்ணாடி எதற்கு என்பதே தெரியாமல் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது நோயின் அடையாளம்.

சகோதரர்களே, பின்வருவனவற்றைக் கவனியுங்கள். கேட்ட கேள்வியையே பத்து நிமிடத்தில் நான்கு முறை கேட்பது. காலையில் உண்டதை மறந்து 'எனக்குச் சோறு போடவில்லை' என்று அண்டை வீட்டில் முறையிடுவது. நாற்பது ஆண்டுகள் கைப்பழக்கமாகச் செய்த சமையலில் உப்பையும் புளியையும் தவறவிடுவது. கடையில் கணக்குத் தடுமாறுவது. பழகிய பாதையில் வழி தவறுவது. பேசும்போது எளிய சொற்கள் கிட்டாமல் 'அது, அது' என்று திணறுவது. பொருள்களைப் பொருத்தமற்ற இடத்தில் வைத்துவிட்டுத் திருடு போனதாகக் கூறுவது. சாந்தமானவர் சினம் கொள்வது. கலகலப்பானவர் ஒதுங்கி மௌனமாவது. இவற்றுள் ஓரிரண்டு ஆறு மாத காலமாகத் தொடர்ந்து, மென்மேலும் கூடிவருமானால் அதனை மறதி என்று தள்ளிவிடக் கூடாது.

இங்கே நம்மவர்கள் அடிக்கடி எழுப்பும் ஓர் ஐயத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். "வாப்பா யாசீன் ஓதினால் ஓர் எழுத்துக்கூடப் பிழையாவதில்லை. ஐம்பது வருடத்துக்கு முன்னால் எஸ்டேட்டில் நடந்ததை ஆள் பெயரோடு சொல்கிறார். அவருக்கு எப்படி மறதி நோய் இருக்க முடியும்?" என்று கேட்கிறார்கள். இந்நோய் முதலில் தாக்குவது புதிய நினைவுகளைப் பதிவு செய்யும் மூளைப் பகுதியை. இளமையில் மனனம் செய்தவையும், நெடுநாள் பழக்கத்தால் ஊறிப்போனவையும் வேறிடங்களில் வேரூன்றியிருக்கின்றன. அவை கடைசிவரை தங்கக் கூடும். ஆகவே பழையது நினைவிருப்பது நோய் இல்லை என்பதற்குச் சான்றாகாது. நேற்று யார் வந்தார்கள், இன்று காலை என்ன நடந்தது என்று கேட்டுப் பாருங்கள். அங்கேதான் உண்மை தெரியவரும்.

தாமதம் ஏன்?

மூன்று காரணங்களை நாம் காண்கிறோம். ஒன்று, 'வயதானால் இப்படித்தான்' என்னும் எண்ணம். இரண்டாவது வெட்கம். வீட்டில் இப்படி ஒருவர் இருப்பது தெரிந்தால் பெண் கொடுக்க மாட்டார்கள், பெண் எடுக்க மாட்டார்கள் என்று அஞ்சி அறைக்குள் வைத்து மறைக்கிறார்கள். மூன்றாவது, இதனை ஜின், கண்ணேறு, சூனியம் என்று கருதி ஊர் ஊராக அலைவது. ஓதிப் பார்ப்பதை நாம் தடுக்கவில்லை. துஆ முஃமினின் ஆயுதம். ஆனால் மருந்து தேடுவது தவக்குலுக்கு முரணன்று. கால் முறிந்தவரை எலும்பு மருத்துவரிடம் தூக்கிச் செல்லும் நாம், மூளை நலிந்தவரை மட்டும் தாயத்துடன் நிறுத்திக்கொள்வது எவ்வகையில் நியாயம்?

தாமதத்தின் விலையை உணர்த்த, நாம் அறிந்த ஒரு குடும்பத்தின் செய்தியைச் சொல்கிறோம். பெயரும் ஊரும் வேண்டா. மிளகு வாணிபம் செய்து கௌரவமாக வாழ்ந்த ஒரு பெரியவர், தம் பணத்தை மருமகள் திருடுகிறாள் என்று மகனிடம் புகார் செய்யத் தொடங்கினார். முதலில் நூறு ரூபாய் என்றார். பிறகு ஆயிரம் என்றார். பிறகு நகை என்றார். நேர்மைக்குப் பெயர் பெற்றவர் சொல்வதை மகன் நம்பினார். அந்தப் பெண் பிறந்த வீட்டுக்கு அனுப்பப்பட்டாள். எட்டு மாதங்கள் கடந்தன. வழக்கு அவ்வூர் ஜமாஅத்துக்கு வந்தது. விசாரணையின்போது பெரியவர் ஒரே குற்றச்சாட்டை மூன்று முறை, சொன்ன நினைவே இல்லாமல், புதிதாகச் சொல்வதுபோல் சொன்னார். அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் அதைக் கவனித்து, "தீர்ப்பு அப்புறம் இருக்கட்டும், முதலில் இவரை டாக்டரிடம் காட்டுங்கள்" என்றார். மருத்துவர் அல்சைமர் என்று கூறினார். திருட்டுச் சந்தேகம் இந்நோயின் பரவலான அறிகுறி என்றும் விளக்கினார். பணம் அரிசிப் பானையிலும் தலையணை உறைக்குள்ளும் கிடைத்தது. மருமகள் திரும்பி வந்தாள். இன்று அந்தப் பெரியவருக்கு ஊட்டுவதும் துடைப்பதும் அவளே. அவளைத் தம் மறைந்த தங்கையின் பெயர் சொல்லி அவர் அழைக்கிறார்.

அந்த எட்டு மாதங்களை அந்தப் பெண்ணுக்கு யார் திருப்பிக் கொடுப்பது? முதல் மாதத்திலேயே மருத்துவரிடம் காட்டியிருந்தால், ஒரு குற்றமற்றவள் மீது பழி விழுந்திருக்காது. மஹல்லாக்களில் குடும்ப வழக்குகளைக் கேட்கும் பெரியோர்கள் இதனை நெஞ்சில் பதித்துக்கொள்ள வேண்டும். வயது முதிர்ந்த ஒருவர் திடீரென்று உறவினர்மீது குற்றம் சுமத்தினால், அவருடைய சொல்லையும் கேளுங்கள். அவருடைய உடல்நிலையையும் கேளுங்கள்.

முன்கூட்டிக் கண்டறிவதால் என்ன பயன்?

'குணமாகாத நோயை முன்கூட்டி அறிந்து என்ன பயன்?' என்று சிலர் கேட்கிறார்கள். பயன்கள் உண்டு.

முதலாவது, மறதியெல்லாம் அல்சைமர் அன்று. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு, இரத்தத்தில் உப்புச்சத்துக் குறைவு, தலையில் அடிபட்டு மெல்லக் கசிந்து தேங்கிய இரத்தம், மூளையில் நீர் கோத்தல், தூக்க மாத்திரை போன்ற சில மருந்துகளின் விளைவு ஆகியவையும் அல்சைமர் போலவே தோன்றும். இவற்றுள் பெரும்பாலானவற்றைச் சிகிச்சையால் சீர் செய்யலாம். சிலவற்றை முற்றிலும் மாற்றிவிடலாம். காலம் கடந்தால் அதே குறைபாடு நிலைத்துவிடும். ஒரு ஊசியால் தீர வேண்டிய குறைக்காக ஒரு தகப்பனாரை 'புத்தி போய்விட்டது' என்று மூலையில் உட்கார வைத்திருப்பது எத்தனை பெரிய கைசேதம்!

நன்றாக இருந்தவர் ஓரிரு நாளில் திடீரெனப் பிதற்றத் தொடங்கினால் அது அல்சைமர் அன்று. சிறுநீர்த் தொற்றோ, நுரையீரல் சளியோ, சர்க்கரை தாழ்ந்ததோ, பக்கவாதமோ காரணமாகலாம். அது அவசர நிலை. அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இரண்டாவது, மருந்துகள். டொனிபெசில், ரிவாஸ்டிக்மின், காலன்டமின், மெமன்டின் ஆகிய மருந்துகள் பல ஆண்டுகளாக நம் நாட்டில் கிடைக்கின்றன. இவை நோயை அகற்றுவன அல்ல. நினைவையும் அன்றாடச் செயல்களையும் சில காலம் தாங்கிப் பிடிப்பவை. முதல் மூன்றும் நோயின் தொடக்கத்திலும் நடுவிலும், மெமன்டின் நடு நிலையிலும் முற்றிய நிலையிலும் தரப்படுகின்றன. குமட்டல், பசியின்மை, நாடித் துடிப்புக் குறைதல் போன்ற விளைவுகள் சிலருக்கு ஏற்படுவதால் மருத்துவரின் கண்காணிப்பு தேவை. கடையில் தாமாக வாங்கித் தருவதும், ஒரு மாதத்தில் பயன் தெரியவில்லை என்று தாமாக நிறுத்துவதும் தவறு.

மூன்றாவது, புதிய சிகிச்சைகள். மூளையில் படியும் அமிலாய்டை அகற்றும் லெகானமேப் என்னும் மருந்துக்கு 2023 ஜூலையிலும், டோனானமேப் என்னும் மருந்துக்கு 2024 ஜூலையிலும் அமெரிக்கா முழு ஒப்புதல் அளித்தது. லெகானமேப் 18 மாத ஆய்வில் நோயின் வேகத்தை 27 விழுக்காடு குறைத்தது. இவை நரம்பு வழியே செலுத்தப்படுபவை; விலை மிகுந்தவை; மூளை வீக்கமும் இரத்தக் கசிவும் சிலருக்கு ஏற்படக் கூடும் என்பதால் அடிக்கடி ஸ்கேன் எடுக்க வேண்டியவை. இவற்றை நம் மக்களுக்குப் பெரிய நம்பிக்கையாக நாம் காட்டவில்லை. ஒன்றை மட்டும் கவனிக்கச் சொல்கிறோம்: இவை நோயின் தொடக்க நிலையில் உள்ளவர்களுக்கு மட்டுமே உரியவை. முற்றியபின் பயனில்லை. 2025 மே மாதம் இரத்தப் பரிசோதனை மூலம் அமிலாய்டு படிவை அறிய உதவும் முறை ஒன்றுக்கும் அமெரிக்கா அனுமதி தந்திருக்கிறது. மருத்துவ உலகமே முன்கூட்டி அறிவதை நோக்கி நடந்துகொண்டிருக்கும்போது நாம் மட்டும் பின்தங்கி நிற்கலாமா?

நான்காவது, கொடுக்கல் வாங்கலும் சொத்துக்களும். ஹிபா, வஸிய்யத், வக்ஃபு ஆகியவை செல்லுபடியாவதற்கு அறிவுத் தெளிவு நிபந்தனை என்பது ஃபிக்ஹுச் சட்டம். நாட்டின் ஒப்பந்தச் சட்டமும் அதையே வலியுறுத்துகிறது. நோய் தொடக்கத்தில் இருக்கும்போது பெரும்பாலும் தெளிவு இருக்கும். தம் கடன்கள் எவை, அமானிதங்கள் எவை, யாருக்கு என்ன தரவேண்டும் என்பவற்றை அவரே சொல்லி எழுதி வைக்கலாம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், தமக்கு எவ்விதச் சிகிச்சை வேண்டும், தம் சார்பில் யார் முடிவெடுக்க வேண்டும் என்பவற்றை முன்கூட்டியே எழுதி வைக்கும் உரிமையைத் தருகிறது. தெளிவு நீங்கியபின் கைநாட்டு வாங்கிக்கொண்டு எழுதும் பத்திரம் சட்டத்திலும் நில்லாது, மறுமையிலும் நில்லாது.

எங்கே செல்வது?

நம் மலையிலிருந்து மருத்துவரைத் தேடிச் செல்வது கடினம் என்பதை நாம் அறிவோம். நாகலூர், வாழவந்தி, மஞ்சக்குட்டை பக்கத்திலுள்ள ஒரு முதியவரை முதலில் ஏற்காட்டுக்குக் கொண்டுவந்து, பிறகு 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலத்துக்கு இறக்க வேண்டும். ஒரு நாள் கூலி போகும். முதியவருக்கு வழியில் தலைசுற்றும். இருப்பினும் முதல் அடி பெரிதன்று. ஏற்காடு அரசு மருத்துவமனையில் சர்க்கரை, இரத்த அழுத்தம் முதலிய அடிப்படைகளைப் பார்த்துக்கொண்டு கடிதம் பெறலாம். அடுத்த கட்டமாகச் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நரம்பியல் பிரிவையோ மனநலப் பிரிவையோ அணுகலாம். மனநலப் பிரிவு என்றதும் அஞ்ச வேண்டியதில்லை. இந்நோயைக் கண்டறிவதில் அத்துறையினர் தேர்ந்தவர்கள். பயணம் செய்ய இயலாதவர்கள் 14416 என்னும் டெலி-மானஸ் எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே ஆலோசனை கேட்கலாம். மூத்த குடிமக்களுக்கான உதவி எண் 14567.

செல்லும்போது அவரோடு அன்றாடம் வாழும் ஒருவர் உடன் செல்லவேண்டும். வெளியூரிலிருந்து வந்த மகன் மட்டும் சென்றால் பாதிச் செய்தி விடுபட்டுப் போகும். எப்போது தொடங்கியது, என்னென்ன மாறியது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அவர் உண்ணும் எல்லா மாத்திரைகளையும், நாட்டு மருந்தாயினும், ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். மருத்துவர் நாள், கிழமை, இடம் கேட்பார். மூன்று சொற்களைச் சொல்லிச் சிறிது நேரம் கழித்துத் திரும்பச் சொல்லச் சொல்வார். கடிகாரம் வரையச் சொல்வார். எழுதப் படிக்கத் தெரியாதவர் கடிகாரம் வரையவில்லை என்பதற்காக நோயாளியாகிவிட மாட்டார். கல்வியறிவற்றோருக்கென வேறு கேள்விமுறைகள் நம் நாட்டிலேயே உருவாக்கப்பட்டுள்ளன. படிக்காதவர் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிறகு இரத்தப் பரிசோதனையும், சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் எடுக்கப்படும்.

வராமல் காத்தல்

2024ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ இதழின் வல்லுநர் குழு, டிமென்ஷியாவுக்கு வழிவகுக்கும் 14 காரணங்களைச் சரி செய்தால் உலகில் ஏறத்தாழ 45 விழுக்காட்டு நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்று அறிவித்தது. இளமையில் கல்வியின்மை, காது கேளாமை, கெட்ட கொழுப்பு, மனச்சோர்வு, தலைக்காயம், உடலுழைப்பின்மை, நீரிழிவு, புகைபிடித்தல், உயர் இரத்த அழுத்தம், உடற்பருமன், மது, தனிமை, காற்று மாசு, பார்வைக் குறைவு ஆகியவையே அவை.

இவற்றுள் நம் கையில் உள்ளவை எத்தனை என்று பாருங்கள். 2021ஆம் ஆண்டு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அதைத் தவறாமல் உண்ண வேண்டும். காது கேளாதவருக்குக் கருவி வாங்கிக் கொடுங்கள்; காது மூடினால் உலகமும் மூடிவிடுகிறது. கண்புரை இருந்தால் அறுவை சிகிச்சை செய்யுங்கள். இருசக்கர வாகனத்தில் மலையேறும் இளைஞர்கள் தலைக்கவசம் அணியுங்கள். இன்றைய தலைக்காயம் நாளைய மறதியாகலாம். பெண் பிள்ளைகளின் படிப்பை இடையில் நிறுத்தாதீர்கள். அது அவர்களின் எழுபதாம் வயதையும் காக்கும். எல்லாவற்றுக்கும் மேலாகத் தனிமை. நம் மலையின் பிள்ளைகள் சேலத்துக்கும் பெங்களூருக்கும் வளைகுடாவுக்கும் பிழைப்புக்காக இறங்கிவிட்டார்கள். வீட்டில் இரண்டு முதியவர்கள். சில வீடுகளில் ஒருவரே. தொலைக்காட்சியைத் தவிர அவர்களோடு பேச யாருமில்லை. பள்ளிவாசலுக்கு ஐந்து நேரம் நடந்து வந்து நான்கு பேரோடு ஸலாம் பரிமாறிக்கொள்வதில் உடலுக்கும் மனத்துக்கும் உள்ள நன்மையை இந்தப் பட்டியலோடு சேர்த்துப் பாருங்கள்.

வீட்டில் பேணும் முறை

நோயாளியோடு வாதாட வேண்டாம். "உம்மா எங்கே?" என்று எண்பது வயதுப் பெரியவர் கேட்டால், "அவர்கள் மௌத்தாகி நாற்பது வருடம் ஆகிவிட்டது" என்று ஒவ்வொரு முறையும் சொல்வது, ஒவ்வொரு முறையும் புதிதாக மௌத்துச் செய்தியைச் சொல்வதாகும். "உம்மாவைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று பேச்சைத் திருப்புங்கள். நாள்தோறும் ஒரே நேரத்தில் உணவு, குளியல், உறக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கழிவறைக் கதவில் அடையாளமிட்டு, இரவில் விளக்கெரிய விடுங்கள். அடுப்பையும் மருந்தையும் எட்டாத இடத்தில் வையுங்கள். ஒரு போதும் கட்டி வைக்காதீர்கள்.

நம் மலைக்கே உரிய ஆபத்து ஒன்றுண்டு. இந்நோயாளர்கள் சொல்லாமல் புறப்பட்டு நடந்துவிடுவார்கள். பனிமூட்டம் இறங்கிய மாலையில், காப்பித் தோட்டத்துக்குள்ளோ மலைச்சாலை வளைவிலோ ஒரு முதியவர் வழி தவறினால், குளிரில் ஓர் இரவைத் தாங்குவது கடினம். கோடை விழாக் கூட்டத்தில் தவறினாலும் தேடுவது எளிதன்று. ஆகவே பெயரும் வீட்டாரின் கைப்பேசி எண்ணும் எழுதிய அட்டையைச் சட்டைப் பையில் தைத்து வையுங்கள். அண்மைக்கால நிழற்படம் ஒன்று கைவசம் இருக்கட்டும். அக்கம்பக்கத்தாருக்கும், எதிர்க்கடைக்காரருக்கும், ஆட்டோ ஓட்டுநருக்கும் சொல்லி வையுங்கள். இதில் வெட்கம் தேவையில்லை. உம்ராவுக்கோ ஹஜ்ஜுக்கோ அனுப்புமுன் மறதி அறிகுறி உள்ளதா என்று மருத்துவரிடம் காட்டி, உடன் செல்பவரை உறுதி செய்துகொண்டு அனுப்புங்கள். புதிய இடமும் பெருங்கூட்டமும் இந்நோயாளரை மேலும் குழப்பும்.

தொழுகை பற்றிப் பல வீட்டார் நம்மிடம் கேட்கிறார்கள். அறிவு நீங்கியவர்மீது கடமைகள் இல்லை என்பது ஃபிக்ஹு நூல்களின் தெளிவான முடிவு. எனவே ரக்அத்தை மறந்ததற்காக அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். அதே வேளையில் பள்ளிக்கு வர விரும்புபவரைத் தடுக்கவும் செய்யாதீர்கள். பக்கத்தில் ஒருவர் நின்று கைபிடித்துக் காட்டினால் போதும். அவர் ஸஜ்தாவில் முந்தினாலும் பிந்தினாலும் ஸஃப்பில் உள்ளவர்கள் திரும்பிப் பார்க்கவும் சிரிக்கவும் கூடாது.

பேணுபவரையும் மறந்துவிடக் கூடாது. இரவும் பகலும் விழித்திருப்பவள் பெரும்பாலும் ஒரு மகளோ மருமகளோ மனைவியோதான். அவளுக்கு ஓய்வில்லை, புகழும் இல்லை. 'பொறுமையாக இரு, நன்மை கிடைக்கும்' என்று அறிவுரை சொல்லிவிட்டு நாம் தேநீர் குடித்துவிட்டு எழுந்து வருகிறோம். அறிவுரையைவிட அவளுக்குத் தேவை இரண்டு மணி நேர உறக்கம்.

ஜமாஅத் செய்ய வேண்டியவை

நிர்வாகக் குழுவின் முன் நான்கு வேண்டுகோள்களை வைக்கிறோம். ஒன்று, மஹல்லாவிலுள்ள 60 வயதைக் கடந்தவர்களின் பட்டியலைத் தயாரித்து, தனித்து வாழ்பவர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு, ஆண்டுக்கொரு முறை மருத்துவர்களை அழைத்து நினைவாற்றல் பரிசோதனை முகாம் நடத்துங்கள். உலக அல்சைமர் தினமான செப்டம்பர் 21ஐ ஒட்டி அமைத்தால் நல்லது. அம்முகாம் ஜமாஅத்துக்கு மட்டும் உரியதாக இல்லாமல், மலையாளி பழங்குடிக் கிராமத்தவருக்கும் எஸ்டேட் தொழிலாளருக்கும் திறந்திருக்கட்டும். மூன்று, சேலத்துக்குச் சிகிச்சைக்குச் செல்லும் ஏழை முதியவரின் வாகனச் செலவை பைத்துல்மாலிலிருந்து வழங்குங்கள். நான்கு, இளைஞர்களும் பெண்களும் முறை வைத்துக்கொண்டு, இந்நோயாளர் உள்ள வீட்டில் வாரம் இரண்டு மணி நேரம் உடனிருந்து, பேணுபவரை ஓய்வெடுக்கச் செய்யுங்கள். கேரளத்தின் திருச்சூர் மாவட்டத்தில் அங்கன்வாடிப் பணியாளர்களுக்குச் சிறிது பயிற்சி அளித்தபோது, இந்நோயாளர்களை அவர்களே இனம் கண்டு காட்டினார்கள். அதன் முடிவுகள் 2002ஆம் ஆண்டு வெளிவந்தன. பட்டம் பெற்றவர்களால் மட்டுமே ஆகும் பணியன்று இது. கண் திறந்து பார்ப்பவர்களால் ஆகும் பணி.

அருமைச் சகோதரர்களே! நமக்குப் பேசக் கற்றுத் தந்தவர்கள் இன்று சொல் கிட்டாமல் திணறுகிறார்கள். ஒரே கேள்வியை நாம் நூறு முறை கேட்டபோது சலிக்காமல் பதில் சொன்னவர்கள் அவர்கள். அவர்கள் நம்மை மறந்துபோகலாம். அவர்கள் யாரென்பது நமக்கு மறந்துவிடவில்லை. இன்று வீடு திரும்பியதும் உங்கள் தாய் தந்தையரின் அருகில் சற்று நேரம் அமர்ந்து பேசுங்கள். ஐயம் எழுந்தால் அடுத்த வாரமே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அடுத்த பெருநாள்வரை தள்ளிப்போடாதீர்கள்.

வல்ல நாயன் நம் பெற்றோருக்குத் தெளிவான அறிவையும் நலமான முதுமையையும் வழங்குவானாக! நோயுற்றோருக்கு ஷிஃபாவையும், அவர்களைப் பேணுவோருக்குப் பொறுமையையும் நற்கூலியையும் அருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாமு அலைக்கும்.